எங்கள் ஒலிபெருக்கி வேண்டும், நாங்கள் வேண்டாமா? பேரிடர் ஆயத்தக் கூட்டத்தின் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக எங்கள் கடலோர ஊர்களுக்கென்று தாங்கள் தலைமையேற்று நடத்திய பேரிடர் ஆயத்தக் கூட்டத்தில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, ஜெனரேட்டர் எங்கே, எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் முகாம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்த பிறகு, ஒரு பங்குத்தந்தை, ஒரு பள்ளிவாசல் இமாம், கடற்கரை அம்மன் கோயில் பூசாரி, நான் ஆகிய நால்வர் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த ஒரு பக்க மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. புயலோ பெருவெள்ளமோ பெரிய படகு விபத்தோ நேரும்போது, முன்கூட்டியே பயிற்சியும் அடையாள அட்டையும் பெற்ற சமயப் பணியாளர் சிலரை முகாமுக்குள்ளும் பிணவறை வாசலிலும் பணியாற்ற அனுமதிக்க வேண்டும் என்பதே அம்மனு. அதை வாசிக்க ஆன நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடிவு வந்துவிட்டது. பின்னர் எங்கள் கைக்கு வந்த கூட்டக் குறிப்பில் அம்முடிவு ஒரே வாக்கியமாக இருக்கிறது: வழிபாட்டுத் தலங்களின் ஒலிபெருக்கிகளும் மண்டபங்களும் தேவைக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ளப்படும், முகாம்களில் சமயச் செயல்பாடுகளுக்கு அனுமதி இல்லை.

எங்கள் ஒலிபெருக்கி வேண்டும், எங்கள் மண்டபத்துச் சாவி வேண்டும், நாங்கள் மட்டும் வேண்டாம் என்று சொல்லும் அந்த வாக்கியத்தை வாசித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தங்கள் பெயரையும் பதவியையும் ஊரையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அடுத்த பருவமழைக்குள் தாங்கள் மாறுதலாகிப் போயிருக்கக்கூடும். அந்த வாக்கியம் கோப்பிலேயே இருக்கும். அடுத்து வருபவர் அதையே முன்னுதாரணமாக எடுத்துக் காட்டுவார். என் வழக்கு அந்த வாக்கியத்தோடுதான்.

நான் குருவானவர் அல்லேன். கடலோரப் பங்கொன்றில் 32 ஆண்டுகளாக உபதேசியாராக இருப்பவன். அதற்கு முன் 11 ஆண்டுகள் நாட்டுப்படகில் தென்கடலுக்குத் தொழிலுக்குப் போனவன். மணி அடிப்பதும், சாமியார் வெளியூர் போயிருக்கும் நாளில் அடக்கச் செபம் சொல்வதும், கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குழியில் யார் கிடக்கிறார் என்று பேரேட்டில் எழுதிவைப்பதும் என் வேலைகள். மருத்துவமனை, கல்லூரி, சிறை போன்ற இடங்களுக்கென்று அமர்த்தப்படும் சமய ஊழியரை எங்கள் சபையில் ஆன்மகுரு என்போம். சாப்ளின் என்றும் சொல்வதுண்டு. மேடையேறிப் பிரசங்கம் செய்பவர் வேறு, இவர் வேறு. தம் பொறுப்பில் உள்ள இடத்தில் இருப்பவர் எந்தச் சமயத்தவராயினும், அவருக்கு வேண்டியதை அவருடைய முறைப்படி கிடைக்கச் செய்வதே இவருடைய கடமை. சாகக் கிடக்கும் முஸ்லிம் ஒருவருக்கு ஆலிம்சாவைத் தேடிப்பிடித்து அழைத்து வருவது ஒரு கிறிஸ்தவ ஆன்மகுருவின் வேலைக்குள் அடங்கும். நாங்கள் மனுவில் கேட்டது இத்தகைய ஆட்களை. தாங்கள் மறுத்ததோ கூட்டுச் செபத்தையும் பஜனையையும். அவற்றை நாங்கள் கேட்கவேயில்லை.

எதைக் கேட்டோம் என்பது விளங்க ஓர் இரவைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்த வேளையில், பக்கத்து ஊர்க் குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தன. மூன்று வகுப்பறைகள், ஒரு நீண்ட வராந்தா, பின்னால் சத்துணவுக்கூடம். ஏறத்தாழ 200 பேர். இரவு ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு முஸ்லிம் மூதாட்டி மூச்சுத் திணறி இறந்துபோனார். மகன் சவூதியில் இருந்தார். உடனிருந்தவர்கள் மருமகளும் இரண்டு பேத்திகளும்தாம். சாலையின் குறுக்கே கருவேல மரங்கள் சாய்ந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வரவும் வழியில்லை, உடலைக் கொண்டு போகவும் வழியில்லை. முகாம் பொறுப்பில் இருந்த இளைஞர் நல்ல மனிதர். அதுவரை ஒரு சாவையும் அருகில் இருந்து பார்த்திராதவர் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சடலத்தை வராந்தாவின் கோடியில் கிடத்தித் தார்ப்பாயால் மூடச் சொன்னார். மருமகள் தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தார். பேத்திகள் வீறிட்டு அழ, அடுத்த அறையில் தூங்கியவர்கள் எழுந்து, பிணம் கிடக்கும் இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்த மழைக்குள் திரும்பப் போவதற்கு.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு நான் போன் செய்தேன். உடலைப் பொதியும் கபன் துணி, கற்பூரம், சோப்பு, சிறிய அத்தர் குப்பி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, பெண் மையித்தை, அதாவது பெண்ணின் சடலத்தை, பெண்களே குளிப்பாட்ட வேண்டும் என்பதால் தம் மனைவியையும் இன்னொரு வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாத எவரையும் உள்ளே விடக்கூடாது என்பது உத்தரவு. கேட்டில் நின்றவர் உத்தரவைத்தான் பின்பற்றினார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மேலிடத்துக்கு ஒரு போன், அந்த மேலிடத்திலிருந்து இன்னொரு மேலிடத்துக்கு ஒரு போன் என்று ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தப் பெண்கள் இருவரும் மதிலோரம் ஒடுங்கியிருக்க, மோதினார் அந்தப் பையைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகை மழைக்குக் கொடுத்துக் குனிந்தே நின்றார். கபன் துணி நனைந்துவிடக் கூடாதாம்.

உள்ளே விட்ட பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. சத்துணவுக்கூடத்தில் நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, சுற்றிலும் இரண்டு சேலைகளைக் கட்டி மறைத்தார்கள். ஒரு சேலை எங்கள் பங்குப் பெண்ணுடையது, மற்றது அம்மன் கோயில் தெருப் பெண்ணுடையது. சோறாக்கும் அண்டாவில் வெந்நீர் காய்ந்தது. குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் பொதிந்து கிடத்தி, மோதினார் தணிந்த குரலில் ஓதத் தொடங்கியதும், மூட்டை கட்டியவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். பிள்ளைகள் தூங்கினார்கள். தார்ப்பாய்க்குள் கிடந்தவரைக்கும்தான் அது பிணம். வெள்ளைத் துணிக்குள் வந்ததும் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பெரியம்மாவாக அவர் திரும்பி வந்துவிட்டார், அவரோடு ஓரிரவு ஒரே கூரையின் கீழ் இருக்க எவரும் அஞ்சவில்லை. விடிந்ததும் அந்த இளம் அலுவலர் என்னைத் தனியே அழைத்து, இதையெல்லாம் பார்த்துவிட்டு எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். அவரிடமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அதுவும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். இவை அனைத்தும் தங்கள் கூட்டக் குறிப்பில் சமயச் செயல்பாடு என்ற ஒரே பெயரில் அடக்கி விலக்கப்பட்டுள்ளன.

இறந்தவர் ஒருவராக இருந்தபோதே இந்த நிலை. பேரழிவு வந்தால் என்னவாகும் என்பதை எங்கள் குடும்பம் இரண்டு முறை அறிந்திருக்கிறது.

என் தகப்பனார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் கரையேறியபோது, வலைநூல் வாங்கப் பாம்பனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டதால் உயிர் பிழைத்தார். ஏறத்தாழ 1,800 பேர் மாண்டதாகச் சொல்லப்படும் அந்தப் புயலில் அவருடைய தாயாரும் தங்கையும் போய்விட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோன ரயிலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்ததைப் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கரையொதுங்கிய உடல்களில் தம் தாயார் உண்டா, இருந்தால் எந்த மணலில் புதைத்தார்கள், புதைக்கும்போது எவராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று தேடி அலைந்த என் தகப்பனாருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை. தாயார் இறந்ததற்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. "பேரச் சொல்லி ஒரு பிடி மண்ணு போட முடியலையே" என்பதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கை மறைத்து நின்றதால் எங்கள் கரை பெரிதும் தப்பியது. மூன்றாம் நாள் எங்கள் பங்கிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் போன குழுவில் நானும் இருந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ஜேசிபி வெட்டிய நீண்ட குழி ஒன்றுக்கு உடல்களைச் சுமந்து செல்வது எங்களுக்குத் தரப்பட்ட வேலை. கொள்ளைநோய் பரவிவிடும், சீக்கிரம் என்று விரட்டினார்கள். அடிபட்டும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் மூள்வதில்லை என்பதையும், உடல்களுக்கு எண்ணிட்டுப் படமெடுத்து, பின்னர் தோண்டி எடுக்கக்கூடிய விதத்தில் வரிசையாகப் புதைக்க வேண்டும் என்பதையும், செஞ்சிலுவைச் சங்கமும் உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட களக் கையேட்டில் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லறைப் பேரேடு எழுதுவது. ஆகவே ஒரு 80 பக்க நோட்டை எடுத்துக்கொண்டேன். 17ஆம் எண்ணில் இப்படி எழுதியிருக்கிறேன்: பச்சை நைட்டி, வலக்கையில் இரண்டு கண்ணாடி வளையல், மஞ்சள் கயிற்றில் புறாத் தாலி. 22: பையன், பத்து வயதிருக்கும், வெள்ளி அரைஞாண், அதில் தாயத்து.

தாலியில் இருப்பது புறாவா சிலுவையா, கழுத்தில் கிடப்பது கருகமணியா உத்தரியமா என்று பார்க்கத் தெரிந்தவன் அங்கே அப்போது நான் ஒருவன்தான். அது மதம் பிரிக்கும் பார்வை என்று தாங்கள் நினைக்கக்கூடும். கரையோர மக்களை அறிந்தவருக்கு அந்தச் சிறு பொருட்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்பதைச் சொல்லிவிடும். மறுநாள் ஒருவர் மனைவியைத் தேடிக்கொண்டு வந்தார். 17ஆம் எண்ணை வாசித்துக் காட்டினேன். வளையல் என்று வாசிக்கும்போது நின்றுகொண்டிருந்தவர், புறாத் தாலி என்றதும் மணலில் உட்கார்ந்துவிட்டார். குழியின் எந்தக் கோடி என்பதைத்தான் என்னால் காட்ட முடிந்தது. அவர் அந்த இடத்துக்குப் போய் மனைவியின் பெயரைச் சொல்லி ஒரு பிடி மண் போட்டார். என் தகப்பனாருக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. அந்த நோட்டில் 41 பதிவுகள் இருக்கின்றன. அதற்குமேல் எழுதினால் வேலை தாமதமாகிறது என்று மூடிவைக்கச் சொல்லிவிட்டார்கள்.

தங்கள் மறுப்புக்குப் பின்னால் இருக்கும் ஐயம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். அதே கரையில், நிவாரண அரிசியோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களைப் பார்த்தேன். எங்கள் சபைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஊர் செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமே பேசியவரையும் பார்த்தேன். நானும் தவறினேன். இரண்டு பிள்ளைகளை இழந்த ஒரு தாயிடம், என்ன சொல்வதென்று தெரியாமல், இறைவன் சித்தம் அம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒங்க சாமி புள்ள பெத்தவரா?" என்று கேட்டார். என் வேதத்தில் அதற்குப் பதில் உண்டு. நான் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் எதைச் சொல்லக்கூடாது என்பதற்குப் பயிற்சி வேண்டும் என்று அன்று தொடங்கி நான் கேட்டுவருவதற்கு அந்தத் தாயே காரணம்.

ஆனால் கேட்டை மூடுவது இந்த நோய்க்கு மருந்தாகாது, ஐயா. துண்டுப் பிரசுரக்காரர் கேட்டில் நிற்பதில்லை. அவர் நிவாரணக் குழு என்று பேனர் கட்டிய வண்டியில், பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நேரே உள்ளே வந்துவிடுகிறார், அவரோடு படம் எடுத்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. கேட்டில் நிறுத்தப்படுபவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரும் மோதினார்தான். பெயர் தெரிந்த, பயிற்சி பெற்ற, தவறினால் அட்டையைப் பறிக்கக்கூடிய ஒருவரை உள்ளே வைத்திருப்பதே மற்றவர்களைத் தடுக்கும் வழி. உதவியைச் சமயக் கொள்கை பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்று 1994ஆம் ஆண்டின் செஞ்சிலுவை நடத்தை விதிகள் சொல்கின்றன. அதில் கையெழுத்திட எங்கள் நால்வருக்கும் தயக்கமில்லை.

ஏர்வாடியை மறந்துவிட்டுப் பேசுகிறோமோ என்றும் தாங்கள் கேட்கலாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்து இறந்ததை இந்த மாவட்டத்தில் எவரால் மறக்க முடியும்? நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவத்தை வெளியே நிறுத்தினால் என்னவாகும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அரசு தர்காவைப் பூட்டிவிடவில்லை. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவம் கிடைக்க ஏற்பாடு செய்து, துஆ என்னும் வேண்டுதலும் நடக்கட்டும், மருந்தும் கொடுப்போம் என்றது. நாங்கள் முகாமுக்குக் கேட்பதும் இந்த ஏற்பாட்டைத்தான். இதற்கு முன்மாதிரி தேடித் தாங்கள் நம் மாவட்டத்தைத் தாண்டக்கூட வேண்டியதில்லை.

தாண்டினாலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 தன் 61ஆம் பிரிவில் நிவாரணம் வழங்குவதில் சாதி, சமய வேறுபாடு காட்டுவதைத்தான் தடுக்கிறது. ஆறுதல் சொல்லும் சமய ஊழியரைத் தடுக்கவில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பேரிடர்க்கால உளசமூக ஆதரவுக்கென்று 2009இலும், இறந்தோரின் உடல்களைக் கையாள்வதற்கென்று 2010இலும் தனித்தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. சமூகம் தன் வழக்கப்படி துக்கம் அனுசரிக்கவும் சமயச் சடங்குகள் செய்யவும் ஏற்ற சூழலை ஏற்படுத்தித் தருவதை, ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த பன்னாட்டு நிறுவனங்களிடை நிலைக்குழுவின் (IASC) 2007ஆம் ஆண்டு நெறிகள் பேரிடர்ப் பணியின் ஒரு தனி அங்கமாகவே வைத்திருக்கின்றன. கொரோனா அச்சம் தலைவிரித்தாடிய 2020 மார்ச் மாதத்திலேயே, உடலைத் தொடாமல் வேத வாசகம் படிக்கலாம், புனித நீர் தெளிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. நம் இராணுவம் பண்டிதர், மௌலவி, பாதிரியார், சீக்கியக் கிரந்தி, பௌத்தத் துறவி ஆகியோரை மத போதகர்களாக இளநிலை அதிகாரி தகுதியில் அமர்த்தி, மருத்துவமனையில் கிடப்பவரைப் பார்ப்பதையும் இறுதிச் சடங்குகளில் நிற்பதையும் அவர்களுடைய கடமைகளாக வகுத்திருக்கிறது. படைவீரர்களிடையே இதனால் மதச் சண்டை மூண்டதாக எவரும் சொல்லவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் தாக்கப்பட்டபோது, தீயணைப்புத் துறையின் ஆன்மகுருவான அருட்தந்தை மைக்கல் ஜட்ஜ் வீரர்களோடு கோபுரத்துக்குள்ளேயே நின்று செபித்துக்கொண்டிருந்து உயிர் விட்டார். இறந்தவர்களின் பதிவேட்டில் 0001 என்ற எண் அவருடையது. அவர் அத்துறையின் ஆளாக இருந்ததால் உள்ளே இருக்க முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புயல் கடந்து, முகாம் கலைந்து, பள்ளிக்கூடம் மறுபடி திறந்த பிறகும் முடியாத துக்கம் ஒன்று கடலோரத்தில் உண்டு. கடலில் காணாமல் போனவரின் வீட்டில் பதினாறாம் நாளும் இல்லை, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் இல்லை, முப்பதாம் நாள் பூசையும் இல்லை. மனைவி தாலியோடு இருப்பதா, கழற்றுவதா என்பதை ஊரில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கருதலாம் என்கிறது சாட்சியச் சட்டம். பெரும் பேரிடர்களின்போது அரசு சிறப்பு ஆணைகளால் இந்தக் காத்திருப்பைக் குறைத்ததுண்டு. ஆனால் ஆணை வந்தாலும், சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அந்தப் பெண் தன் கையால் கணவர் இறந்தார் என்று எழுதியாக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்ட மீனவர்களை ஆழ்கடலில் அடித்தபோது, பங்குத்தந்தையர் ஊர் ஊராகத் தொகுத்த பட்டியலும் அரசின் பட்டியலும் பல நாட்கள் ஒத்துப்போகவில்லை என்பதைத் தாங்களும் அறிவீர்கள். யார் எந்தப் படகில் போனார் என்பது பங்குக்குத் தெரியும், ஜமாஅத்துக்குத் தெரியும். அந்தப் பெண் எப்போது எழுதத் தயாராவார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பங்கில் ஒருவர் பதினான்கு மாதம் எழுதாமல் இருந்தார். நான் மாதம் ஒருமுறை போய் வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். விண்ணப்பத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். பதினைந்தாம் மாதம் அவரே பேனா கேட்டார்.

இவ்வளவையும் எழுதிய பின் எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறேன். முதலில், சமயச் செயல்பாடுகளுக்கு அனுமதி இல்லை என்ற அந்த வாக்கியத்தைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கி, சமயப் பரப்புரைக்கு அனுமதி இல்லை என்று திருத்த வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கே இம்மடலில் பாதி செலவாகிவிட்டது. அடுத்து, ஒவ்வொரு முகாமுக்கும் அந்தந்த ஊரின் பங்கு, ஜமாஅத், கோயில் ஆகியவை பரிந்துரைக்கும் இருவர் மூவரைத் தெரிவுசெய்து, ஐப்பசி முடிவதற்குள் படம் ஒட்டிய அட்டை கொடுத்து, அவர்கள் பெயரை முகாம் பட்டியலிலேயே ஏற்ற வேண்டும். அவர்களில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அரசு மனநல மருத்துவக் குழுவைக் கொண்டு இவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தர வேண்டும்; என்ன பேசுவது என்பதைவிட எப்போது பேசாமல் இருப்பது, யாரை எப்போது மருத்துவரிடம் ஒப்படைப்பது என்பதே பாடமாக இருக்கட்டும். நடத்தை விதியை மீறுபவரின் அட்டையை அன்றே ரத்து செய்யுங்கள், எங்களில் ஒருவராக இருந்தாலும்.

இறந்தோர் பலராகும் நிலை வந்தால், எண்ணும் படமும் உடைமைக் குறிப்பும் இல்லாமல் ஓர் உடல்கூட மண்ணுக்குள் போகக்கூடாது என்று எழுத்தில் ஆணையிட வேண்டும். அந்தக் குறிப்பை எழுதும் இடத்தில் கரையோர மக்களை அறிந்த ஒருவர் உட்கார வேண்டும், எவ்வளவு நெருக்கடியானாலும் ஒவ்வோர் உடலுக்கும் அதற்குரிய சில நிமிடங்கள் கிடைக்க வேண்டும். இறப்புச் செய்தியை மைக்கில் அறிவிப்பதையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தடைசெய்து, ஓர் அலுவலரும் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு சமயப் பணியாளரும் சேர்ந்து நேரில் போய்ச் சொல்லும் முறையைக் கொண்டுவர வேண்டும். காணாமல் போனோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஓராண்டுக்காவது ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். முகாமில் பணியாற்றும் இளம் அலுவலர்களும் காவலர்களும் குழி வெட்டும் தொழிலாளர்களும் வேலை முடிந்த பின் மனம் விட்டுப் பேசவும் இதே ஏற்பாட்டில் இடம் இருக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்து இளைஞரை நினைத்தே இதைச் சேர்த்திருக்கிறேன்.

இவற்றுக்கு எழுத்தில் பதில் கேட்கிறோம். அடுத்த ஆயத்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், இதர என்ற தலைப்பின் கீழ் அல்லாமல், எங்கள் மனுவைத் தனித் தலைப்பாகச் சேர்த்து, அதில் பேச மோதினாருக்கு 15 நிமிடம் ஒதுக்கித் தர வேண்டும். அவர் கேட்டில் நின்ற நேரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை; இந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரப் பங்கொன்றின் உபதேசியார்,
இராமநாதபுரம் கடற்கரை.